பனிக்கூழில் கரையும் பெயர்கள்

வந்த பொருளுக்குத் தமிழில் பெயரிட்டோம்; இருந்த பொருளின் பெயரைத் தொலைத்துக்கொண்டிருக்கின்றோம். பனிக்கூழ் என்னும் சிறு தின்பண்டம் ஒன்றே இதனை மெய்ப்பிக்கப் போதும்.

பனிக்கட்டி நம் நாட்டிற்குக் கப்பலேறி வந்த சரக்கு. அமெரிக்க நாட்டுக் குளங்களில் அறுத்தெடுத்த பனிப்பாளங்களைப் பாசுட்டன் வணிகர் பிரெடரிக்கு தூதர் 1833-இல் கல்கத்தாவிற்கு அனுப்பினார். சென்னையில் அவற்றை இட்டுவைக்க 1842-இல் எழுப்பிய கட்டடம் இன்றும் கடற்கரையில் நிற்கின்றது. அப்பகுதியை ‘ஐசு அவுசு’ என்றே மக்கள் இன்றும் வழங்குகின்றனர். வேற்றுநாட்டது என்பதற்காகத் தமிழர் அப்பண்டத்தை வெறுத்தனரா? இல்லை. பனிக்கூழ் என்று அழகிய பெயர் சூட்டி அணைத்துக்கொண்டனர். கூழ் என்பது நம் உழவனின் உணவு. அவன் கலத்துப் பெயரை எடுத்து வெள்ளையனின் விருந்துப் பண்டத்திற்கு ஈந்த பெருந்தகைமை தமிழுக்கு உண்டு. அப்பெருந்தகைமைக்குக் கிடைத்த கைம்மாறு யாது?

அண்மையில் உதகையின் கடையொன்றில், வறுத்த தினைமாவும் மலைத்தேனும் பாலிற் கலந்து உறையவைத்த பனிக்கூழை உண்டேன். சுவையிற் குறை கூறுவதற்கில்லை. தேனின் மெல்லிய கைப்பும் தினையின் மணமும் குளிரையும் மீறி எழுந்தன. தேனும் தினைமாவும் குறிஞ்சி நிலத்தின் முதலுணவு என்பதைத் தமிழ் கற்ற சிறுவனும் அறிவான். ஆனால் அக்கடைப் பலகையில் அதன் பெயர் ‘அனி மில்லட் டிலைட்’! தேன் என்னும் சொல் இல்லை. தினை என்னும் சொல் இல்லை. தமிழெழுத்து ஒன்றேனும் இல்லை. ‘பாட்டி நாளைய சுவை’ என்னும் பொருள்படும் ஒரு வரி மட்டும் இருந்தது, அதுவும் ஆங்கிலத்தில்! எந்தப் பாட்டி அன்பர்களே, தேனை ‘அனி’ என்றாள்? பாட்டியின் சுவை வேண்டும். பாட்டியின் வாய்ச்சொல் வேண்டா என்பது என்ன அறம்?

அக்கிண்ணத்தில் உள்ள மூன்றனையும் எண்ணிப் பாருங்கள். பால் தோடர்தம் உயிர்ப்பொருள். எருமையைச் சுற்றியே அவர்தம் வாழ்வும் வழிபாடும் அமைந்தன. பால்மனையே அவர்க்குக் கோயில். தினையும் சாமையும் கேழ்வரகும் படுகரும் இருளரும் விளைத்தவை. மலைத்தேனோ குறும்பர் உயிரைப் பணயம் வைத்து எடுப்பது. கொடியேணி கட்டிச் செங்குத்துப் பாறையில் இறங்கி, இலைப்புகை மூட்டி, தேனீக்களைப் பார்த்துப் பாடிக்கொண்டே அடையை அறுப்பர். கூடலூர்ப் பக்கத்துக் காட்டுநாயக்கர்க்குத் தேன் குறும்பர் என்றே பெயர் உண்டு. அவர் பெயரிலேயே தேன் இருக்கின்றது! அம்மலைமக்கள் மொழிகள் தமிழொடு ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. ஆகவே தமிழின் பெயர் அழியும் இடத்தில் அவர்தம் சொற்களும் உடன் அழிகின்றன என்பதை மறவற்க.

பெயரழிப்பு அம்மலையில் புதிதன்று. கோவை மாவட்ட ஆட்சியர் சான் சல்லிவன் 1819-இல் மலையேறிய பின்னர், தோடர் மந்து ஒன்றின் பெயர் வெள்ளையர் வாயில் ‘ஊட்டக்கமண்டு’ ஆகி, ‘ஊட்டி’ எனக் குறுகிற்று. செகதளாவில் எழுந்த படைவீடு ‘வெலிங்டன்’ ஆயிற்று. புல்வெளியைச் சீகைமரமும் தைலமரமும் விழுங்கின. தினை விளைந்த கொல்லைகளில் தேயிலையும் உருளைக்கிழங்கும் ஏறின. முதலில் பெயர் போயிற்று; பின் நிலம் போயிற்று. இப்பொழுது எஞ்சியிருக்கும் சுவையும் வேற்றுப் பெயரில் விலைக்கு வருகின்றது.

‘பெயரில் என்ன இருக்கின்றது?’ என்பார் உளர். சொத்து இருக்கின்றது! 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் கூறுவது அதுவே. ஓரூர்ப் பொருளின் பெயர் அவ்வூரார் உடைமை. பிறர் அதனைக் கவர்தல் குற்றம். தோடர் பூந்தையலுக்கு 2013-இல் அக்குறியீடு கிடைத்தது. பெயர் இருந்தமையால் அன்றோ அவ்வுரிமை கிடைத்தது? ‘அனி’ என்றும் ‘மில்லட்’ என்றும் விற்கும் பண்டத்திற்கு எந்த மலைமகன் உரிமை கேட்க இயலும்?

‘வெளிமாநிலத்தார் வருகின்றனர், அவர்க்கு விளங்க வேண்டாவா?’ என்று வணிகர் வினவுவர். நன்று. இத்தாலியரின் ‘செலாட்டோ’வையும் சப்பானியரின் ‘மோச்சி’யையும் அவ்வப் பெயரிலேயே விற்கின்றீர்களே, அவை மட்டும் எவர்க்கு எவ்வாறு விளங்கின? உண்டவன் கேட்டான், கேட்டவன் கற்றான். இட்டலியும் தோசையும் உலகெங்கும் தம் பெயரோடே சென்று விலையாகின்றன. அவற்றை எவரும் மொழிபெயர்க்கவில்லை. அதனால் விற்பனை குன்றவுமில்லை. விளங்காமை வணிகர் கூறும் சாக்கு. உண்மையில் உள்ளது தாய்மொழியிற் கூற நாணும் தாழ்வு மனம்.

வெளிமாநிலத்தார்க்காக ஆங்கிலத்தைக் கீழே சிறிதாக எழுதுவதை எவரும் தடுக்கவில்லை. தமிழ் மேலே பெரிதாக இருத்தல் வேண்டும் என்பதே நம் கோரிக்கை. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதியும் பெயர்ப்பலகையிற் தமிழே முதன்மை பெறுதல் வேண்டும் என்கின்றது. பலகைக்குப் பொருந்துவது பண்டப்பட்டிக்கும் பொருந்தாதோ?

தமிழன்பர்களே! மலைக்குச் செல்லுங்கள், பனிக்கூழும் உண்ணுங்கள். ஆனால் ‘தேன்தினைப் பனிக்கூழ் தருக’ என்று வாய்விட்டுக் கேளுங்கள். விளங்கவில்லை என்பானேல் விளக்குங்கள். இத்தேனை எடுத்தவன் எவன், அவனுக்கு நீர் கொடுத்த விலை யாது என்றும் கேளுங்கள். காட்டுத்தேன் மீது மலைமக்களுக்கு உள்ள உரிமையை 2006-ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. அவ்வுரிமை ஏட்டளவில் நின்றுவிடாதிருக்க வாங்குவோன் வாய்திறத்தல் வேண்டும். பெயரை மீட்காதவன் பொருளை மீட்கான். பொருளை மீட்காதவன் நிலத்தை மீட்கான். நாவில் இனிக்கும் பொருளை நாவாலேயே தமிழில் அழைக்கத் துணிக!