தூண்டில் பழக சொந்தக் குட்டையே போதும்!

‘‘எங்கள் தோட்டத்தில் பாசனத்துக்காக ஷீட் விரித்த பண்ணைக்குட்டை இருக்கிறது. அதில் சாதாக் கெண்டை விட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பள்ளி விடுமுறைக்கு வரும் பிள்ளைகளோடு சேர்ந்து, பொழுதுபோக்காகத் தூண்டில் போடப் பழக ஆசைப்படுகிறோம். என்னென்ன வாங்க வேண்டும்? நீலகிரியில் இருப்பதுபோல, டிரவுட் மீன் குஞ்சுகளை வாங்கிப் பக்கத்து ஓடையில் விட்டுப் பிடிக்கலாமா?’’

– வாசகர், அட்டுவம்பட்டி, கொடைக்கானல்.

தூண்டில் பழகுவதற்குச் சொந்தக் குட்டையைவிடச் சிறந்த இடம் கிடையாது. என்ன மீன் இருக்கிறது, எவ்வளவு ஆழம், எந்த மூலையில் மீன் ஒதுங்கும் என்பதெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியும். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால், தூண்டில் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

முதலில் கயிறு... பிறகு தூண்டில்!

ஷீட் விரித்த குட்டையின் சரிவு, பாசி படிந்தால் எண்ணெய் தடவியதுபோல வழுக்கும். உள்ளே விழுந்தவர், நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும், பிடிமானம் இல்லாமல் ஏற முடியாது. காப்பாற்ற இறங்குபவரும் அப்படியே மாட்டிக்கொள்வார். அதனால் குட்டையின் நான்கு பக்கமும், அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட தடித்த கயிற்றைக் கரையில் உறுதியாக அடித்த முளையில் கட்டி, தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். காற்றடித்த பழைய லாரி டியூப் ஒன்று கயிற்றோடு கரையில் இருக்கட்டும். குட்டையைச் சுற்றி வேலியும், பூட்டக்கூடிய கதவும் அவசியம். தூண்டில் போடுபவர் சரிவில் கால் வைக்காமல், மேலே சமமான கரையில்தான் நிற்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடன் இல்லாமல் பிள்ளைகள் குட்டைப் பக்கம் போகவே கூடாது. தூண்டிலோ மீனோ தண்ணீருக்குள் போய்விட்டால், போனது போகட்டும் என்று விட்டுவிடப் பழக்க வேண்டும்.

என்னென்ன தேவை?

பழகும்போது ரீல் வைத்த விலை உயர்ந்த தூண்டில் தேவையில்லை. எட்டுப் பத்து அடி நீளத்தில் காய்ந்த மூங்கில் கோல், அதே நீளத்துக்குத் தங்கூசி நரம்பு, ஒரு தக்கை, சிறிய ஈயக் குண்டுகள், சில தூண்டில் முட்கள் போதும். நரம்பு 0.25 முதல் 0.30 மி.மீ தடிமன் இருந்தால் அரை கிலோ, ஒரு கிலோ கெண்டையைத் தாங்கும். முள்ளில் 8 அல்லது 10-ம் எண் பொருத்தமாக இருக்கும். எண் கூடக்கூட முள் சிறியதாகும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கடையில் கேட்க வேண்டும். முள்ளின் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு செதிலைக் குறடால் அழுத்தித் தட்டையாக்கிவிட்டால், மீன் வாயிலிருந்தும், தவறிக் குத்தினால் விரலிலிருந்தும் முள்ளைச் சுலபமாக எடுக்கலாம்.

முள்ளைக் கட்டும் முறை எளிது. நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, நீண்ட நரம்பின் மேல் ஐந்தாறு சுற்றுச் சுற்றி, காதுக்குப் பக்கத்தில் உண்டாகும் வளையத்தில் நுனியை விட்டு, எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும். நனைக்காமல் இழுத்தால் நரம்பு சூடேறி, முடிச்சு இருக்கும் இடத்திலேயே அறுந்துபோகும்.

இரையும் நேரமும்

சாதாக் கெண்டை அடிமட்டத்தில் மேயும் மீன். அதனால் இரை தரையைத் தொடும்படி தக்கையை நகர்த்திக் கட்ட வேண்டும். தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும் அளவுக்கு ஈயம் இருந்தால் போதும். மண்புழு நல்ல இரை. கோதுமை மாவில் கொஞ்சம் கடலைப்புண்ணாக்குத் தூள் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்த உருண்டையும் எடுபடும். புழு எடுத்துவைக்க மருந்து டப்பாவைக் கழுவிப் பயன்படுத்துவது கூடாது. ஒரு வாரம், ஒரே நேரத்தில், ஒரே மூலையில் ஒரு கைப்பிடி தீவனம் போட்டுவந்தால் மீன்கள் அந்த இடத்துக்கு வந்து பழகிவிடும்.

சமவெளியில் விடியற்காலைதான் தூண்டிலுக்கு ஏற்ற நேரம் என்பார்கள். மலையில் அது சரிப்படாது. தண்ணீர் குளிர்ந்திருக்கும்போது கெண்டைக்குப் பசி குறையும். பனி விலகி, வெயில் ஏறி, தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பான பிறகு, முற்பகல் 11 மணி முதல் மாலை 4 மணி வரை முயற்சி செய்யலாம். உறைபனி விழும் டிசம்பர், ஜனவரியில் நாள் முழுக்க உட்கார்ந்தும் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். கோடை விடுமுறையே பிள்ளைகளுக்கு ஏற்ற பருவம்.

தக்கை லேசாக ஆடியதும் கோலை வெடுக்கென்று இழுப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்வது. அப்போது மீன் இரையை முகர்ந்துகொண்டுதான் இருக்கும். தக்கை சாய்ந்து படுத்தாலோ, ஒரு பக்கமாக நகர்ந்து மூழ்கினாலோ மணிக்கட்டை மட்டும் மேலே தூக்கினால் போதும். மீன் இழுத்தால் கோலின் நுனியை உயர்த்திப் பிடித்துக் களைக்கவிட்டு, கைப்பிடி வலையில் ஏந்த வேண்டும். திரும்ப விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். உடல்மேல் இருக்கும் வழவழப்புதான் மீனை நோயிலிருந்து காக்கிறது. முள்ளை விழுங்கியிருந்தால் பிடுங்காமல், நரம்பை வாயோரம் வெட்டிவிடலாம். அறுந்த நரம்பைக் கரையில் போட்டால் பறவைகளின் காலில் சிக்கும். துண்டு மிச்சமில்லாமல் எடுத்துவந்துவிட வேண்டும்.

பிடித்த மீன் சமையலுக்கு என்றால், பக்கத்துப் பாத்தியில் மருந்து அடித்திருக்கக் கூடாது. கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் பைரெத்ராய்டு வகை மீன்களுக்குக் கொடிய நஞ்சு. தெளிப்பானைக் குட்டையில் கழுவினாலே மீன்கள் செத்து மிதக்கும்.

ஓடையில் டிரவுட் விடலாமா?

கூடாது. நீலகிரியில் டிரவுட் தானாக வந்துவிடவில்லை. 1860-களில் பிரான்சிஸ் டே கொண்டுவர முயன்றும் பலிக்கவில்லை. ஹென்றி சார்லஸ் வில்சன் முயற்சியில் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சுப் பொரிப்பகம் வந்த பிறகுதான் வானவில் டிரவுட் அங்கே நிலைத்தது. குளிர்ந்து, ஓடிக்கொண்டே இருக்கும் தண்ணீர் அதற்கு வேண்டும். தேங்கிய குட்டையில் பிழைக்காது. ஓடையில் பிழைத்துவிட்டாலோ, அங்கேயே பிறந்து வளரும் சிறு மீன்களையும் தலைப்பிரட்டைகளையும் தின்று தீர்க்கும்.

சாதாக் கெண்டையும் வெளியூர் மீன்தான். 1939-ல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. தரையைக் கிளறி மேய்வதால் தெளிந்த தண்ணீரையும் கலங்கலாக்கிவிடும். மழைக்காலத்தில் குட்டை நிரம்பி வழியும்போது இது ஓடையில் சேராமலிருக்க, வெளியேறும் வாயில் கம்பி வலை அடிப்பது கட்டாயம். பழனி மலையின் வடசரிவு ஓடைகள்தான் வரதமாநதி, பாலாறு-பொருந்தலாறு, குதிரையாறு அணைகளை நிரப்புகின்றன. மேலே விடும் மீன் கீழே எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் கட்டுப்படுத்த முடியாது. வேகமாக வளரும் என்று விற்கப்படும் ஆப்பிரிக்கன் கெளுத்தியைக் குட்டையிலும் விடக் கூடாது. அதை வளர்க்க 2000-ம் ஆண்டிலிருந்தே நாட்டில் தடை இருக்கிறது.

காட்டு ஓடைகளில் தூண்டில் போடும் எண்ணமும் வேண்டாம். 2013-ல் கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதற்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவதே குற்றம். பேரிஜம் ஏரி வனப்பகுதியில் இருப்பதோடு, பெரியகுளத்துக்குக் குடிநீரும் தருகிறது. கொடைக்கானல் ஏரியில் தூண்டில் போட விரும்புபவர்கள், மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் விசாரித்து, அனுமதி பெற்ற பிறகே கோலை எடுக்க வேண்டும். குட்டைக்கு ஏற்ற மீன் குஞ்சுகள், இருப்பு அளவு பற்றிய ஆலோசனையையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.