மாத்திரையில் மில்லிகிராம் ஏறினால்...

“ஐந்நூறு போட்டுக்கொண்டிருந்தேன், ஆயிரம் ஆக்கிவிட்டார்கள். இனிக் கிட்னி போய்விடும்.” நாகர்கோவில், தக்கலைப் பக்கத்து வீடுகளில் பாட்டாவோ ஆச்சியோ இப்படிச் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். பயத்தில் மாத்திரையைப் பாதியாக ஒடித்துப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. நேர் எதிரானவர்களும் உண்டு. கல்யாண வீட்டுப் பாயசத்தை நினைத்துக் காலையிலேயே ஒரு மாத்திரை கூடுதலாக விழுங்கிவிடுவார்கள். இருவர் செய்வதும் தவறு என்பது என் கருத்து.

முதலில் மெட்ஃபார்மின். சர்க்கரை நோயின் இரண்டாம் வகைக்கு மிகுதியாகத் தரப்படும் மருந்து இது. கல்லீரல் இரத்தத்தில் சேர்க்கும் சர்க்கரையை இது குறைக்கிறது. 1997-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் நோயாளிகளைப் பிரித்து, நாளொன்றுக்கு 500 முதல் 2,500 மில்லிகிராம் வரை வெவ்வேறு அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு, வெற்று மாத்திரை தின்றவர்களோடு ஒப்பிட, 500-ல் 0.6 புள்ளி குறைந்தது; 2,000-ல் 2 புள்ளி குறைந்தது. 2,500-க்குப் போனபோது அதற்கு மேல் பலன் இல்லை. வரைபடத்தாளில் குறித்தால் கோடு ஓரிடம் வரை ஏறி நின்றுவிடும்.

ஆகவே ஐந்நூறு ஆயிரமானதால் நோய் முற்றிவிட்டது என்று பொருளல்ல. குறைவாகத் தொடங்கிச் சில வாரங்களில் படிப்படியாக ஏற்றுவதுதான் வழக்கம். காரணம் வயிறு. எடுத்தவுடன் அதிகம் கொடுத்தால் குமட்டலும் பேதியும் வரும். சாப்பாட்டோடு எடுத்து, மெதுவாக ஏற்றினால் பெரும்பாலோருக்கு இது அடங்கிவிடும். மெல்லக் கரையும் வகை மாத்திரையும் உண்டு. அதை ஒடிக்கவே கூடாது.

கிட்னி விஷயத்தில் நம் மக்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டார்கள். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. பல ஆண்டுகள் அடங்காத சர்க்கரைதான் கெடுக்கிறது. ஆனால் இம்மருந்து உடலில் மாறாமல் சிறுநீர் வழியே வெளியேறுவது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து தேங்கும். இரத்தத்தில் லாக்டிக் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. அது அரிது, ஆனால் கடுமையானது. வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 45 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்கினால் மருத்துவர் அளவைக் குறைப்பார். 30-க்குக் கீழே என்றால் நிறுத்திவிடுவார். நெடுநாள் அதிக அளவில் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதனால் வரும் கால் மரப்பைச் சர்க்கரையால் வந்ததென்று நினைத்து விட்டுவிடுவதும் உண்டு.

இனிக் கல்யாண வீட்டுக்காரர். அவர் கூடுதலாகப் போட்டது கிளிமிபிரைடாக இருந்தால்? அட்டையில் 1, 2 மில்லிகிராம் என்றிருக்கும். 500-ஐப் பார்த்த கண்ணுக்கு அற்பமாகத் தெரியும். ஒரு மருந்தின் மில்லிகிராமை இன்னொன்றின் மில்லிகிராமோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. இது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. பந்தி தாமதமானால் சர்க்கரை தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, மயங்கி விழ நேரிடும்.

சர்க்கரையை எவ்வளவு வேகமாக அடக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்பதும் சரியல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் நடந்த அக்கார்ட் ஆய்வில், ஹெச்பிஏ1சி-யை 6-க்குக் கீழே இறக்க முயன்ற பிரிவில் 257 பேர் இறந்தனர். தளர்வான இலக்கு வைத்த பிரிவில் 203 பேர். 2008-ல் அந்தத் தீவிர சிகிச்சையை இடையிலேயே நிறுத்தினார்கள்.

நமக்கு இன்னும் நெருக்கமானது சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-ல் வெளியிட்ட ஆய்வு. நோய் வரும் நிலையில் இருந்த 531 பேர் அதில் சேர்ந்தனர். முதலில் சிலருக்கு மெட்ஃபார்மின் 500 மில்லிகிராம் இருவேளை கொடுத்தபோது தாழ்சர்க்கரை அறிகுறிகள் தென்பட்டன; 250 ஆகக் குறைத்தார்கள். அந்தச் சிறிய அளவே நோய் வரும் வாய்ப்பை ஏறத்தாழ 26 விழுக்காடு குறைத்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மட்டும் மேற்கொண்டவர்களுக்கு 28 விழுக்காடு! அமெரிக்காவில் இதே போன்ற ஆய்வில் 850 மில்லிகிராம் இருவேளை கொடுத்து 31 விழுக்காடு குறைந்தது. இரு நாட்டு மக்களும் ஒன்றல்லர். ஆனாலும் மும்மடங்குக்கு மேல் மருந்து மும்மடங்கு பலன் தரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல ஏற்பாடு. மாத்திரை வந்துவிடுகிறதே என்று இரத்தப் பரிசோதனையை மறந்துவிடும் வீடுகளைப் பற்றித்தான் என் கவலை. அடுத்த முறை மாத்திரை வரும்போது, ஆச்சியின் சீட்டை எடுத்து, கிரியாட்டினின் கடைசியாகப் பார்த்த தேதியைத் தேடுங்கள். ஓராண்டுக்கு முந்தியதானால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை நீங்களே அழைத்துப் போகலாம்.