படிக்கப் போனால் மண்டியிட வேண்டுமா?

சாந்தோம் பக்கத்திலிருக்கும் நமது தோழர் ஒருவர் நம்மிடம் வந்து, “ஐயா, பெண்ணைக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் காலேஜில் சேர்க்கப் போகிறேன். படிவத்தில் மதம் என்ற இடத்தில் ‘மதமில்லை’ என்றுதான் எழுதுவேன் என்கிறாள். இடம் போய்விடுமோ என்று பயமாயிருக்கிறது. இந்து என்று போட்டுத் தொலைத்துவிடலாமா?” என்று கேட்டார்.

அவர் குடியிருக்கும் அதே சாந்தோமில்தான் 1947 ஆகஸ்டு 15-ந் தேதி கன்னியாஸ்திரீகள் 32 பெண்களை வைத்துக்கொண்டு ஸ்டெல்லா மாரிஸ் காலேஜைத் தொடங்கினார்கள். 1960-ல் அது கதீட்ரல் ரோட்டுக்குப் போயிற்று. அதற்கும் முன்னே 1925-ல் ஏசு சபையார் லயோலாவை ஏற்படுத்தினார்கள். அந்நாளில் கோயில்காரர்கள் நம்மவர் கையில் தேர்வடத்தைக் கொடுத்தார்களேயொழியப் புத்தகத்தைக் கொடுக்கவில்லை. ஆகவே பாதிரிமார்களின் கல்வித் தொண்டை நாம் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அரிசி வாங்கினவன் கடைக்காரனுடைய குலதெய்வத்துக்குப் பொங்கலும் இட வேண்டும் என்றால் அது எந்த ஊர் நியாயம்?

“இஷ்டப்பட்டுத்தானே வந்தாய், பிடிக்காவிட்டால் வேறிடம் போ” என்று சில பக்திமான்கள் சொல்லுகிறார்கள். இஷ்டப்பட்டு வருகிறவனுக்காகத்தானே அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவில் 3-வது உட்பிரிவை எழுதி வைத்தார்கள்? வராதவனுக்குச் சட்டம் எதற்கு? சர்க்கார் அங்கீகாரம் பெற்றதோ, சர்க்கார் பணம் வாங்குவதோ, எந்தக் கல்வி ஸ்தாபனமானாலும் சரி, சம்மதமில்லாமல் ஒருவரை மத போதனைக்கோ வழிபாட்டுக்கோ கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அதன் சாரம். மைனரானால் காப்பாளர் சம்மதம் வேண்டும். 30-வது பிரிவு சிறுபான்மையோருக்குக் கல்லூரி வைத்து நடத்தும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. மாணவரின் முழங்காலை மடக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. மேலும் உதவி பெறும் கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளம் எங்கிருந்து வருகிறது? நாஸ்திகன் கட்டிய வரியும் அதில் இருக்கிறதல்லவா?

நாம் சொன்னால் நாஸ்திகப் பேச்சு என்பார்கள். 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே, மத விஷயத்தில் யாரையும் மனச்சாட்சிக்கு விரோதமாய் நடக்கும்படி வற்புறுத்தலாகாது என்று அறிக்கை செய்திருக்கிறதே, போப்பாண்டவரும் நாஸ்திகரோ?

இந்தக் காலத்தில் பிரம்பெடுத்து யாரும் மண்டியிடச் சொல்லுவதில்லை என்பதும் உண்மைதான். பல இடங்களில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம், மற்றவர்களுக்கு ஒழுக்க வகுப்பு என்று பிரித்து விடுகிறார்கள். ஒழுக்க வகுப்பில் ஒழுக்கம் மட்டும் சொல்லிக் கொடுத்தால் உட்கார்ந்து கேட்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. ஜெப நேரத்தில் மற்றவர்களுக்கு மரியாதையாய்ச் சும்மா எழுந்து நிற்பதாலும் பகுத்தறிவு உருகிப் போய்விடாது. ஆனால் வாயைத் திறந்து சொல் என்றால் சங்கதி வேறு. கேரளத்தில் யெகோவா சாட்சிகள் குடும்பத்து மூன்று பிள்ளைகள் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றார்கள், பாடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேற்றினார்கள். 1986-ல் சுப்ரீம் கோர்ட் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிற்று. தேசிய கீதத்துக்கே வாய் திறக்கக் கட்டாயமில்லையென்றால் ஜெபத்துக்கு மாத்திரம் கட்டாயம் எங்கிருந்து வந்து குதிக்கும்?

நம்மவர் யோக்கியதையையும் கொஞ்சம் பார்ப்போம். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறதென்று படிக்காமலே அப்பன் கையெழுத்துப் போடுவான். அந்தக் கையெழுத்தே சம்மதமாகிவிட்டால் யாரை நோவது? மேடையில் கடவுளில்லை என்று பேசிவிட்டுப் பிள்ளைக்கு ‘இந்து’ என்று எழுதுவான். பள்ளிச் சான்றிதழில் சாதியில்லை, மதமில்லை என்று குறிக்கலாமென்று தமிழ்நாட்டு சர்க்கார் 1973-லேயே உத்தரவு போட்டிருப்பது எத்தனை தோழர்களுக்குத் தெரியும்? முழுதும் சர்க்கார் பணத்தில் நடக்கிற பள்ளியில் மத போதனையே கூடாது என்று அதே 28-வது பிரிவு சொல்லுகிறது. அங்கே சரஸ்வதி பூசைச் சுண்டலை வாங்கித் தின்றுவிட்டு, பாதிரியார் பள்ளிக்கூடத்தில் மட்டும் ரோஷம் வருகிறதென்றால் அது பகுத்தறிவு அல்ல, இந்து மதாபிமானமேயாகும்.

தோழருக்கு நாம் சொன்னது இதுதான்: பெண்ணைச் சேருங்கள். மதமில்லை என்றே எழுதட்டும். சர்க்கார் உதவி பெறும் கல்லூரி மதத்தை மாத்திரம் காரணமாகக் காட்டி இடமில்லை என்று சொல்லக் கூடாதென்று 29-வது பிரிவு இருக்கிறது. தம் மதத்தாருக்கு ஒரு பங்கு ஒதுக்கிக்கொள்ள அவர்களுக்கு உரிமையுண்டு, அதற்குச் சண்டை வேண்டாம். படித்துப் பார்த்துக் கையெழுத்திடுங்கள். பதினெட்டு நிறைந்துவிட்டால் சம்மதம் அவளுடையது, உம்முடையதுமல்ல. ஜெபத்துக்கு வந்தே தீரவேண்டும் என்று யாராவது சொன்னால், அதை எழுத்து மூலம் கொடுக்கும்படி பணிவாய்க் கேளுங்கள். கொடுத்தால் ஒரு நகலை நமக்கும் அனுப்பி வையுங்கள்.