யப்பான்காரன் இறங்க வரவில்லை

தெல்லிப்பழையில் பழைய உலக யுத்தக் கதை எடுத்தால் யாராவது ஒரு பெரியவர் இப்படித்தான் முடிப்பார்: "அந்தக் கனடாக்காரன் காணாமல் விட்டிருந்தால் யப்பான்காரன் இறங்கியிருப்பான் தம்பி." கடலில் பெருஞ்சமர் நடந்து இலங்கை தப்பியதாம். சுத்தப் புளுகு.

1942 ஏப்ரல் 4 பின்னேரம் அந்தக் கனடாக்கார விமானி லெனாட் பேர்ச்சல் கற்றலினா விமானத்திலிருந்து யப்பானிய அட்மிரல் நாகுமோவின் கப்பற்படையைக் கண்டதும், சுட்டு வீழ்த்தப்படுமுன் செய்தி அனுப்பியதும் உண்மை. துணிச்சலான மனுசன். ஆனால், இரவு முழுக்கக் கையில் இருந்த செய்தியால் என்ன பயன்? மறுநாள் உயிர்த்த ஞாயிறு காலை கொழும்பில் குண்டுகள் விழும்போது இரத்மலானைச் சண்டை விமானங்கள் தரையில்தான் நின்றன.

நாகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிகளும் நான்கு போர்க்கப்பல்களும் இருந்தன. தரையிறக்கப் படை இல்லை. இலங்கையைப் பிடிப்போம் என்று யப்பான் கடற்படை சொன்னபோது, ஆள் தர ஏலாதென்று அவர்களுடைய தரைப்படையே கைவிரித்திருந்தது.

பெருஞ்சமர்? பிரித்தானிய அட்மிரல் சொமர்வில்லிடம் ஐந்து போர்க்கப்பல்கள். வார்ஸ்பைட் 1916இல் யூற்லாந்துச் சமரில் அடிவாங்கியது. மற்ற நான்கும் அதைவிட மெதுவான கிழங்கள். நாகுமோ கொழும்பை நெருங்கியபோது சொமர்வில் மாலைதீவின் அட்டுவில் எண்ணெயும் தண்ணீரும் ஏற்றப் போயிருந்தார். இரு தரப்புப் போர்க்கப்பல்களும் ஒன்றையொன்று கண்ணாலும் காணவில்லை.

அடி விழுந்தது மற்றக் கப்பல்களுக்கு. 5ஆம் திகதி பிற்பகல் பிரித்தானியக் குறூசர்களான டோர்செற்சயர், கோர்ன்வோல் இரண்டும் சிறிது நேரத்துக்குள் மூழ்கின. 424 பேர் செத்தார்கள். காயக்காரரைப் படகுகளில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் எண்ணெய் படிந்த தண்ணீரில் பலகைகளைப் பிடித்துக் கிடந்தார்கள். 1,122 பேரை மீட்க மறுநாள் பின்னேரமாகிவிட்டது. 9ஆம் திகதி திருகோணமலையில் குண்டு. மட்டக்களப்புக்கு அப்பால், ஒரு விமானமும் இல்லாத பிரித்தானிய விமானந்தாங்கி ஹேர்மிஸ் தாண்டது. பிறகு நாகுமோ திரும்பிப் போனார். அவரை ஒருவரும் துரத்தவில்லை. அவருடைய ஐந்து விமானந்தாங்கிகளில் மூன்று யூனில் மிட்வேயில் மூழ்கின. அது அமெரிக்கர் செய்த வேலை.

இந்தக் காப்பாற்றிய கதையைத் தெல்லிப்பழை இருக்கும் வலிகாமம் வடக்கில் சொல்வதுதான் எரிச்சல். அந்த யுத்தத்தில் பிரித்தானிய விமானப்படை பலாலிச் செம்மண்ணில் போட்ட ஓடுதளம் யுத்தம் முடிந்தும் போகவில்லை. 1990இல் உள்நாட்டு யுத்தத்தால் சனம் இடம்பெயர, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் அதைச் சுற்றித்தான் விரிந்தது. 2019இல் அதற்குச் சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வைத்தார்கள். காணி உறுதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் அலைகிற சனத்திடம் போய் பேர்ச்சலின் கதையைச் சொல்லிப் பாருங்கள்.