கால் கோணும் பிராய்லர் குஞ்சுகள்... கிளிஞ்சல் தூள் தீர்வாகுமா?

‘‘சொந்தமாக அரைத்த மக்காச்சோளத் தீவனம் தின்னும் பிராய்லர் குஞ்சுகளுக்கு 3-வது வாரத்தில் கால் கோணுகிறது. கிளிஞ்சல் தூளைக் கூட்டியும் குறையவில்லை. என்ன செய்யலாம்?’’

- வாசகர், பல்லடம்.

வழக்கமான அளவுக்கு மேல் போடும் கிளிஞ்சல் தூளை உடனே நிறுத்த வேண்டும். கால் மூட்டு வீங்கி, பின்பக்கத் தசைநாண் நழுவியிருந்தால் மாங்கனீசு பற்றாக்குறையாக இருக்கலாம். மக்காச்சோளத்தில் மாங்கனீசு மிகக் குறைவு. சுண்ணாம்புச்சத்து அதிகமானால், இருக்கும் மாங்கனீசையும் உடல் சரியாக எடுத்துக்கொள்ளாது. கிலோ தீவனத்தில் மாங்கனீசு 60, துத்தநாகம் 40 மில்லிகிராமாவது இருக்கும்படி பிராய்லர் தாது உப்புக் கலவையைச் சேர்க்கலாம். அதை முதலில் கொஞ்சம் தீவனத்தில் கலந்து, பிறகு மொத்தத்தில் சீராகக் கலக்க வேண்டும். கோலின், பயோட்டின் குறைந்தாலும் இப்படி வரும் என்பதால், கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம். தசைநாண் நழுவிய குஞ்சு தேறாது, மற்றவற்றைக் காப்பாற்றலாம்.