கரண்ட் போனா பைப்புக்கு யார் காவல்?

யாங்கோன்ல தண்ணி உறையறதுக்கு ஒரே இடம்தான் இருக்கு: வீட்டு ஃப்ரீசர். அதுவும் கரண்ட் இருந்தால். ஜனவரி விடியற்காலையில் 17, 18 டிகிரிக்கு இறங்கினாலே இங்கே ஸ்வெட்டர் வெளியே வந்துவிடும். இந்த ஊர்ல உட்கார்ந்துகிட்டு இவன் நமக்கு ஆர்.வி. பைப் உறையாம இருக்க வழி சொல்றானான்னு சிரிப்பீங்க. சிரிங்க. ஆனா எனக்கு இது குளிர்ப் பிரச்சினையாகவே தெரியவில்லை. கரண்ட் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. அதில் எங்க ஊருக்கு அனுபவம் ஜாஸ்தி.

போன எபிசோடில் குளிர்கால கேம்பிங் பற்றிப் பேசியதற்கு வந்த மெசேஜ்களில் பாதிக்கு மேல் சாமான் லிஸ்ட்தான். பைப்பைச் சுற்றிக் கட்டும் ஹீட் கேபிள், தானாகச் சூடாகும் ஹோஸ், டேங்க் அடியில் ஒட்டும் ஹீட்டிங் பேட், போனுக்கு அலர்ட் அனுப்பும் சென்சார். எல்லாமே நல்ல பொருள்தான். ஆனா எல்லாம் ஒரே பிளக்கில் தொங்குது. கேம்ப்கிரவுண்ட் பிரேக்கர் ட்ரிப் ஆனால் ஹீட் கேபிளும் போச்சு, சென்சாருக்கு நெட் கொடுக்கிற ரௌட்டரும் போச்சு. அலர்ட் வரலையே, எல்லாம் ஓகேன்னு நீங்க தூங்குவீங்க. சர்வரைக் கண்காணிக்கிற மென்பொருளை அதே சர்வரில் ஓடவிட்டவர்களுக்கு இந்தக் கதை நல்லாவே தெரியும்.

ஆர்.வி.க்குள்ளேயே இன்னொரு பொறி இருக்கு. நிறைய வண்டிகளில் புரொப்பேன் ஃபர்னஸ் உங்களுக்கு மட்டும் சூடு கொடுப்பதில்லை; தரைக்குக் கீழே டேங்கும் பைப்பும் இருக்கிற பகுதிக்கும் ஒரு டக்ட் வழியாகச் சூடான காற்றை அனுப்புது. கேஸ் மிச்சம் பிடிக்கலாம்னு ஒரு எலக்ட்ரிக் ஹீட்டரை உள்ளே வைத்தால் அறை சூடாகும், தெர்மோஸ்டாட் திருப்தியாகிவிடும், ஃபர்னஸ் ஓடாது. நீங்க டி-ஷர்ட்டோட படம் பார்த்துக்கிட்டு இருக்கும்போது காலுக்குக் கீழே பைப் உறையும். சரி, ஃபர்னஸ் ஓடுதுன்னே வைங்க. அதன் விசிறிக்கு 12 வோல்ட் பேட்டரி வேணும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் பண்ணக் கூடாது. சூடேற்றும் வசதி இல்லாத பேட்டரியாக இருந்தால், சோலார் பேனலில் வெயில் அடித்தாலும் அதன் கட்டுப்பாட்டு சர்க்யூட் சார்ஜை ஏற்காது.

தண்ணீர் ஐஸாகும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும். அதனால்தான் பைப் வெடிக்குதுன்னு எல்லாரும் சொல்வோம். பாதிதான் சரி. பெரும்பாலும் வெடிப்பது ஐஸ் இருக்கிற இடத்தில் இல்லை. ஐஸ் அடைப்புக்கும் மூடின குழாய்க்கும் நடுவில் தண்ணீர் மாட்டிக்கொள்கிறது. ஐஸ் வளர வளர அங்கே அழுத்தம் ஏறி, எங்கே இணைப்பு பலவீனமோ அங்கே பிளக்கும். குழாயைக் கொஞ்சம் திறந்து வைத்தால் அந்த அழுத்தம் வெளியேறிவிடும். பைப்பில் தண்ணீரே இல்லையென்றால் பேச்சே இல்லை.

2021 பிப்ரவரியில் டெக்சாஸில் நடந்ததை இந்தக் கண்ணோடு பாருங்க. 45 லட்சம் வீடுகளுக்கு மேல் கரண்ட் போனது. பதினைந்தாம் தேதி விடியற்காலையில் கிரிட் முழுசா விழுவதற்கு 4 நிமிடம் 37 விநாடிதான் பாக்கி இருந்தது. கரண்டை மிச்சம் பிடிக்க வெட்டின இடங்களில் எரிவாயு எடுக்கிற, அனுப்புகிற நிலையங்களும் இருந்தன. எரிவாயு குறைந்ததும் அதை நம்பி ஓடின மின்நிலையங்கள் இன்னும் படுத்துக்கொண்டன. கரண்டுக்கு கேஸ் வேணும், கேஸுக்கு கரண்ட் வேணும். நம்ம பாஷையில் சர்க்குலர் டிபெண்டன்சி. அரசுக் கணக்குப்படி இறந்தவர்கள் 246 பேர்.

டல்லஸ் பக்கத்தில் இருக்கிற என் அக்கா யாங்கோனில் வளர்ந்தவள். கரண்ட் போன உடனே அவள் முதலில் பண்ணினது, வீட்டில் இருந்த பானை, குண்டான், பாத்டப் எல்லாத்தையும் ரொப்பினது. பிறகு அத்தானை அனுப்பி, தெருவோர மீட்டர் பெட்டியில் மெயின் வால்வை மூடச் சொல்லி, வீட்டுக் குழாய் அத்தனையும் திறந்து விட்டாள். பக்கத்து வீட்டில் பரணில் போன பைப் வெடித்து சீலிங் கீழே வந்தது. அக்கா பிளம்பிங் படிச்சவ இல்லை. கரண்ட் போனா எப்போ வரும்னு நம்பாம வளர்ந்தவ, அவ்வளவுதான்.

இங்கே எங்க தெருவில் கரண்ட் வந்ததும் பிள்ளைகள் "மீ லா பீ!" என்று கத்துவார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் மாடிக்கு மாடி மோட்டார் ஓடும்; டேங்க், ட்ரம், வாளி எல்லாம் நிரம்பும். எங்களுக்குக் கரண்ட் இல்லாததுதான் வழக்கம், இருப்பது போனஸ். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, கஷ்டம்தான். ஆனா அந்தக் கணக்கில் யோசித்தால் குளிர்கால ஆர்.வி.க்கு முதல் செலவு ஹீட்டரில் வராது.

என் கருத்து இது: வாரக் கடைசிக்கு அல்கோன்குயின் பக்கம் போகிறவர்கள் பைப்பை வடித்துவிட்டே போங்க. வாட்டர் ஹீட்டரை அணைத்து, ஆறவிட்டு, வடித்து, பைபாஸ் போடுங்க. அடியில் இருக்கிற லோ பாயின்ட் வால்வைத் திறந்து, கம்ப்ரஸரில் 40 பி.எஸ்.ஐ. போல வைத்து மிச்சத்தை ஊதித் தள்ளுங்க. பம்புக்கும் சிங்க் அடியில் இருக்கிற வளைவுகளுக்கும் ஆர்.வி.க்கான ரோஸ் நிற ஆன்டிஃப்ரீஸ். காருக்கு ஊற்றுகிற எத்திலீன் கிளைக்கால் வேண்டவே வேண்டாம், விஷம். குடிக்க, சமைக்க கேனில் தண்ணீரை உள்ளே வைத்துக்கொள்ளலாம். ஷவர் இல்லாம ரெண்டு நாள் இருக்க முடியாதான்னு அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க, சிரிப்பாங்க.

வண்டியிலேயே குடியிருப்பவர்களுக்கு இது ஒத்துவராது, ஒத்துக்கிறேன். அவர்கள் ஹீட் கேபிள் போடட்டும். ஆனால் அதற்கு முன்னாடி வண்டியைச் சுற்றி ஸ்கர்ட் கட்டி அடியில் காற்றை நிறுத்தட்டும்; அதற்கு பிளக் வேண்டாம். கரண்ட் போனால் வடிக்கிறதுக்கும் தயாராக இருக்கட்டும். வாசலில் வண்டி நிற்கும்போதே, பகல் வெளிச்சத்தில், ஒரு தடவை வடித்துப் பாருங்க. அந்த லோ பாயின்ட் வால்வ் எங்கே ஒளிந்திருக்குன்னு மைனஸ் 15-இல், இருட்டில், பனியில் படுத்துத் தேட முடியாது.