பத்தாயிரம் வாட்ஸும் ஒரு பிளக்கும்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவுக்கு ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயர் வாங்கப் போகிறவர் காதில் முதலில் விழுவது ஓர் எண். "பத்தாயிரம் வாட்ஸ் சார், தெருவே அதிரும்." பெட்டியின் முகப்பிலும் அதே எண் பளபளக்கும், அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் 'பிஎம்பிஓ' (உச்ச இசைத் திறன்) என்று இருக்கும். அந்தப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் தொங்குவது சாதாரண 6 ஆம்பியர் பிளக். 230 வோல்ட்டை 6 ஆம்பியரால் பெருக்கினால் 1,380 வாட். சுவரிலிருந்து வருவதே அவ்வளவுதான் என்றால், மீதி எட்டாயிரத்துச் சொச்சம் எந்தக் கிணற்றிலிருந்து ஊறும்? ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த ஆயிரம் என்னவென்று தெரியும்.

மூடியைக் கழற்றினால் கணக்கு இன்னும் இறங்கும். உள்ளே இருப்பது 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் என்று வைத்துக்கொள்வோம். 24 வோல்ட், 5 ஆம்பியர், ஆகமொத்தம் 120. இதில் ஒரு பகுதி வெப்பமாகவே போய்விடும். வழக்கமான ஏபி வகுப்பு சர்க்யூட்டின் உச்ச செயல்திறன் ஏட்டளவிலேயே 78.5 சதவீதம்தான். ஆக, ஆறு சேனலுக்கும் சேர்த்து நூறு வாட்கூடத் தேறாது. பிஎம்பிஓவுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட அளவுமுறை எதுவும் கிடையாது. எழுதுகிறவர் கைக்கு வந்ததுதான் எண்.

வேடிக்கை என்னவென்றால், வீட்டுக்கு அவ்வளவு வாட்ஸ் தேவையும் இல்லை. தமிழ்நாட்டின் டீக்கடைகளையும் மினி பஸ்களையும் பல காலம் பாட வைத்தது சான்யோவின் எல்ஏ4440 என்ற ஒற்றை ஐசி. அதன் டேட்டாஷீட் சொல்வது ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், பிரிட்ஜ் முறையில் 19 வாட். அந்த 6 வாட்டில் பாட்டு கேட்டு யாரும் சத்தம் போதவில்லை என்று பஸ்ஸை விட்டு இறங்கியதில்லை; குறைக்கச் சொல்லிச் சண்டை போட்டவர்கள்தான் உண்டு. காதின் இயல்பு அப்படி. வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி கூடுவது 3 டெசிபல். ஏதோ கொஞ்சம் கூடியிருக்கிறது என்று தோன்றும், அவ்வளவே. சத்தம் இரு மடங்கு என்று காது ஒப்புக்கொள்ள ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் தரும் ஸ்பீக்கர் பத்துக்குப் பன்னிரண்டு அடி ஹாலில் இருந்தால், சேனலுக்கு உண்மையான 20 வாட்டே பக்கத்து வீட்டுக்காரரை வாசலுக்கு வரவழைத்துவிடும். அப்படியானால் காசு போக வேண்டிய இடம் டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க், ஸ்பீக்கர். அலுமினியமா, காப்பர் வைண்டிங்கா என்று கேட்டு வாங்குகிறவர் பாதிக் கிணறு தாண்டிவிட்டார். பெட்டியைத் தூக்கிப் பார்ப்பதும் பழைய மெக்கானிக்குகளின் நல்ல பழக்கம். எண் பொய் சொல்லும். இரும்பும் செம்பும் அவ்வளவு சுலபத்தில் சொல்லாது.

வாட்ஸைவிட நாசூக்கான ஏமாற்று, சேனல் கணக்கில் இருக்கிறது. பின்பக்கம் ஆறு ஸ்பீக்கர் சாக்கெட் இருந்தால் மட்டும் அது 5.1, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்-ஊஃபருக்கும் தனித்தனி சேனல், ஆகிவிடாது. போனிலிருந்து ப்ளூடூத்தில் வருவது இடது, வலது என்று இரண்டே சேனல். டிகோடர் இல்லாத செட் அந்த இரண்டையே பங்கு போடுகிறது: அடித்தொண்டை ஒலியை ஃபில்டரில் வடித்து சப்-ஊஃபருக்கு, இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பின் ஸ்பீக்கர்களுக்கு. இந்த வித்தையை ஒரேயடியாக இகழவும் முடியாது. 1995-ல் 'குருதிப்புனல்' படத்தில் பயன்பட்ட டால்பி ஸ்டீரியோவும் நான்கு சேனல்களை இரண்டு தடங்களுக்குள் மடித்து வைத்து, பின்பக்க ஒலியை அந்த வித்தியாசத்திலிருந்து பிரித்தெடுத்ததுதான். ஆனால் அதற்கென்றே பதிவு செய்த படத்தில் பிரிப்பது வேறு. எஃப்எம் பாட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு 5.1 விலை கேட்பது வேறு. உண்மையான 5.1 வேண்டுமென்றால், டிவியின் ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியே வரும் டால்பி டிஜிட்டலைப் பிரிக்கத் தெரிந்த டிகோடர் உள்ளே இருக்க வேண்டும்.

கம்பெனி ரிசீவர் வாங்கினால் தொல்லை தீர்ந்ததா? பொய் குறையும், பொடி எழுத்து குறையாது. யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 என்ற 5.1 ரிசீவரை எடுத்துக்கொள்ளலாம். 6 ஓம் சுமையில், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல் ஓடும்போது, 0.09 சதவீத டிஸ்டார்ஷனில் 70 வாட். ஒரே சேனல், ஒரே சுருதி, 0.9 சதவீதம் என்றால் 100 வாட். டிஸ்டார்ஷனை 10 சதவீதம் வரை விட்டால் 135 வாட். பெட்டி ஒன்று, எண் மூன்று, மூன்றும் உண்மை. கம்பெனியாவது நிபந்தனையைச் சொல்லிவிடுகிறது. கடை விளம்பரத்தில் ஏறுவது மட்டும் பெரும்பாலும் கடைசி எண், அதுவும் ஐந்தால் பெருக்கப்பட்டு.

அமெரிக்காவில் இந்த வாட்ஸ் போட்டி எல்லை மீறியபோது, கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 1974-லேயே வீட்டு ஆம்ப்ளிஃபயர்களின் திறனை எப்படி அளந்து விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதி போட்டது. 2024-ல் அதைத் திருத்தி இறுக்கியது. இங்கே 2012-ல் வந்த மின்னணுப் பொருட்களின் கட்டாயப் பதிவு ஆணை ஆம்ப்ளிஃபயரைப் பட்டியலில் சேர்த்தது, 2,000 வாட்டும் அதற்கு மேலும் மின்சாரம் இழுப்பவற்றை மட்டும். முகப்பில் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு நிஜத்தில் 120 இழுக்கும் பெட்டி அந்த வலையில் சிக்குவதற்கே வழியில்லை. தவிர, அந்த ஆணை பார்ப்பது பாதுகாப்பை. முகப்பு எண்ணின் நாணயத்தை அல்ல. ஆர்எம்எஸ் வாட் (தொடர்ந்து தரக்கூடிய திறன்), எத்தனை ஓம், எத்தனை சேனல் ஓடும்போது என்று மூன்று வரி பெட்டியில் அச்சிடக் கட்டாயப்படுத்துவதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

நீடித்து உழைப்பதில், கடைகளில் கோத்துத் தரும் அசெம்பிள் செட்டுக்கு ஒரு பெருமை உண்டு. ஐசி போனால் ஊர் மெக்கானிக்கே மாற்றிக் கொடுத்துவிடுவார். கம்பெனி ரிசீவரில் எச்டிஎம்ஐ போர்டு போனால் முழு போர்டையே மாற்ற வேண்டியிருக்கும். மாடல் பழசானால் அதுவும் கிடைப்பது கஷ்டம். இரண்டுக்கும் பொதுவான எமன் வெப்பம். 10 டிகிரி கூடினால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். நம் வீடுகளிலோ ஆம்ப்ளிஃபயர் குடியிருப்பது கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸில், மேலே குரோஷா விரிப்பு, அதன் மேல் கல்யாண ஃபோட்டோ.

கையில் காசு குறைவு என்றால் கள்ள 5.1-ஐ விட நாணயமான 2.1 மேல். இல்லை, ஐந்து பக்கமும் ஒலி கேட்டே ஆக வேண்டும் என்கிறவர் பணம் கொடுக்கும் முன், சேனல் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லும் 5.1 சோதனைக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு, கடை டிவியிலிருந்து அந்த செட்டுக்கு அனுப்பச் சொல்லலாம். 'பின் இடது' என்ற குரல் முன்னால் இருக்கும் இரண்டு பெட்டியிலும் சேர்ந்து கேட்டால், கடைக்காரர் வேறு மாடலை எடுக்க உள்ளே போவார்.